தத்துக்கிளி ஓட்டத்தின் திறப்பு நாள் குறித்து ஞாழற்பட்டினத்துக்கு விடுத்த திருமுகம்

நாடு நலம் பெறுக. நீரும் நிலமும் குளிர்க.

செருந்தி மலர் சூடிய முடியும், ஏழ்மலைக் காவலும், இருபேராற்று நீருரிமையும் உடைய செருந்தி நாட்டுக் கோமான் மாவேழப் பெருமானாகிய யாம், எம் தலைநகராம் செருந்திமாநகரின் கல்மாளிகையில் வீற்றிருந்து, கீழைக்கடல் வாயிலைக் காத்து நிற்பவரும், எம் தந்தையார் காலந்தொட்டு எம் குலத்துக்கு உற்ற துணைவருமான ஞாழற்பட்டினத்துத் துறைத்தலைவர் கடலவேள் அவர்கட்கு விடுக்கும் திருமுகம். உம் துறையில் கலங்கள் குறைவின்றி அணைக. உம் வலைஞர் மனைகளில் அடுப்பு அணையாதிருக்க. உம் இல்லத்தார் யாவரும் நோயின்றி வாழ்க.

உம் தூதர் கொணர்ந்த ஓலையை அவையில் படிக்கக் கேட்டோம். உம் பட்டினத்தில் நிழற்பேழை இல்லாத வீடு இல்லை என்றும், தத்துக்கிளியைச் சுவரில் மட்டும் கண்டே எத்தனை நாள் இருப்பது என்று சிறுவரும் பெரியோரும் உம் வாயிலில் வந்து முறையிடுகின்றனர் என்றும், எம் கேளிக்கைச் சோலையில் ஓடும் தத்துக்கிளி ஓட்டத்தைப் போன்று, அதனினும் பெரிதாய், ஐந்து வண்டியும் வண்டிக்கு முப்பது இருக்கையுமாக ஒன்றை ஐம்பது நாளில் கட்டித் தரல் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். கடல்விழா அன்று திறப்பதாகப் பதினெட்டு ஊர்களில் முரசறைந்தும் விட்டீர் என்று ஓலையின் கடைசி வரியில் கண்டபோது, கையிலிருந்த வெற்றிலையை யாம் கீழே வைத்துவிட்டோம்.

இத்திருமுகத்தின் இறுதியில் எம் ஆணை உளது. அதனை முதலில் தேடிப் படியாதீர். பெருந்தச்சர் பொற்றொடியார்க்கு நேர்ந்ததை முழுதும் படித்த பின்னரே ஆணையைப் படிப்பீராக. இதில் உள்ளவற்றுள் பாதி யாம் கண்ணால் கண்டவை. மீதி பொற்றொடியார் தம் வாயால் சொல்லக் கேட்டவை.

நிழற்பேழை இன்னதென்று உமக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் இவ்வோலை எம் சுவடிச்சாலையில் நெடுங்காலம் இருக்கப் போவதாகலின், பின்வருவோர் பொருட்டு எழுதுகிறோம். அது முழ நீளமுள்ள மரப்பேழை. உள்ளே விளக்கும் ஆடியும் உள. தோலில் வெட்டிய உருவங்கள் விசைச்சுருளால் ஓடி வெண்சுவரில் நிழலாய் விழும். ஆடுபவர் இரு கோல்களைப் பிடித்துத் தத்துக்கிளி என்னும் சிறு வெட்டுக்கிளி உருவத்தைத் தாவச் செய்தும் பதுங்கச் செய்தும் ஏழு மதில்களைக் கடத்தல் வேண்டும். தவறினால் கிளி குழியில் விழும், விழுந்தும் எழும். ஒருமுறை விசை முறுக்கினால் கிளிக்கு ஏழு உயிர்.

இப்பேழையைச் செய்தவர் மிளையன் என்னும் கண்ணாடி வினைஞர். இது அவர் செய்த இரண்டாம் பேழை. முதற்பேழையின் கதையை இன்று எவரும் பேசுவதில்லை. அதில் குகையரசி என்றொரு தலைவி இருந்தாள். அப்பேழை நாடெங்கும் பரவும் என்று எல்லோரும் நம்பியதால், அது வெளிவரும் முன்னரே எம் சோலையில் குகையரசிக்கென்று பெருங்கூடம் ஒன்று எழுந்தது. உள்ளே ஓடையும் ஓடையில் முப்பது படகுகளும் விட்டனர். கூடத்தின் கூரை முழுதும் பொற்றொடியாரின் கைவேலை. பேழையோ வெளிவந்த மாதத்திலேயே விளக்குப் புகைந்தது, கோல் இறுகியது, வாங்கியோர் திரும்பக் கொண்டுவந்து மிளையனின் வாயிலில் போட்டுவிட்டுச் சென்றனர். குகையரசி யாரென்றே அறியாத மக்கள் அவள் கூடத்துக்கு ஏன் வருவர்? படகோட்டிகள் முப்பதின்மரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். இரண்டு ஆண்டு உழைத்துக் கட்டியதைப் பொற்றொடியார் தம் கையாலேயே ஆணி பிடுங்கிப் பிரித்தார்.

பொற்றொடியாரை நீர் கண்டதில்லை. வயது நாற்பத்து மூன்று. குட்டையான உருவம், உரத்த குரல். மரத்தைத் தட்டிப் பார்க்காமல் எதன்மீதும் அமரமாட்டார். எம் அவையில் இட்ட ஆசனத்தையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டே அமர்ந்தார், அவையோர் சிரித்ததை அவர் பொருட்படுத்தவில்லை. எம் சோலையின் இராட்டினங்களும் தூரி ஊஞ்சல்களும் சறுக்கு மரங்களும் பதினாறு ஆண்டுகளாக அவர் பொறுப்பில் உள்ளவை. அந்தப் பதினாறு ஆண்டுகளில் அங்கே ஒரு குழந்தைக்குப் பல் உடைந்ததில்லை.

மிளையன் இரண்டாம் பேழையைச் செய்கிறார் என்ற செய்தி வந்தபோது, சோலை அதிகாரி எயினவேள் முன்பட்ட சூட்டை மறக்கவில்லை. தத்துக்கிளிக்கென்று ஒன்று இருக்கட்டும், ஆனால் சிறிதாக இருக்கட்டும், ஊர் சிரிக்க இன்னொரு முறை என்னால் நிற்க இயலாது என்று அவர் பொற்றொடியாரிடம் கேட்டுக்கொண்டார். பொற்றொடியார்க்கும் அதுவே சரியெனப் பட்டது. சோலைக்குள் இருக்கும் குன்றின் உச்சியிலிருந்து அடிவாரம்வரை மரத்தடம் ஒன்று அமைத்தார். அதில் ஒரே வண்டி, அதில் பன்னிரண்டு இருக்கை. வண்டி சரிந்து வரும் வழியில் இரண்டு முழ உயரத்தில் ஒரு மேடு. அதைக் கடக்கையில் அமர்ந்திருப்போர் இருக்கையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி அமர்வர். தத்துக்கிளியின் தாவல் அதுவே. பின்னிருக்கையில் ஒருவர் தடைக்கோல் பிடித்து வேகத்தை அடக்க வேண்டும். நாளொன்றுக்கு நானூறு பேர் வந்தால் போதும் என்பது கணிப்பு. வாயிலும் நானூறு பேருக்கானதே. இருவர் தோளோடு தோள் நுழையும் அகலம்.

பேழை வெளிவந்தது. அதன்பின் நடந்ததை நீரும் அறிவீர். அறுவடைக்குச் சென்றவர் பாதியில் வீடு திரும்பினர். மணவீட்டில் மாப்பிள்ளையைத் தேடினால் அவர் அடுத்த அறையில் நான்காம் மதிலில் இருந்தார். எம் படைத்தலைவர் இருவர் ஒரு பேழைக்காகப் பத்து நாள் பேசாதிருந்தனர். யாமும் விலக்கல்லோம். நண்பகலில் திரையிட்டு இருளாக்கிய அறையில் யாம் அமர்ந்திருக்க, வழக்காட வந்தோர் வெளியே காத்திருந்த நாள்கள் உண்டு. இதனை எம் ஓலைநாயகம் எழுதத் தயங்கினார், எழுதுக என்றோம். குன்றில் தத்துக்கிளிக்கு ஓட்டம் ஒன்று அமைகிறது என்ற செய்தி கசிந்ததும், திறக்கும் முன்னரே நாள்தோறும் ஆயிரம் பேர் வேலிக்கு வெளியே வந்து நின்றனர்.

அப்போதுதான் யாம் ஆணை ஒன்று பிறப்பித்தோம். ஒரு வண்டி மூன்றாகுக; பன்னிரண்டு இருக்கை இருபதாகுக; இரண்டு முழ மேடு ஐந்து முழமாகுக; பேழையின் ஏழாம் மதிலில் தாவுவது போன்றே மக்கள் தாவுக; பூவிழாவின் முதல்நாள் காலை திறக்க. பூவிழாவுக்கு அன்று நாற்பது நாளே இருந்தது.

பொற்றொடியார் அவைக்கு வந்து நின்றார். பெருமானே, இத்தடத்தின் உத்தரங்கள் பன்னிருவருக்கென்று அறுத்தவை. இருபதின்மருக்கு வேறு மரம் வேண்டும். மேட்டை உயர்த்தினால் வண்டி மேலெழுந்து விழும் இடத்தில் அடி மும்மடங்காகும். கருமருது மரம் மலையிலிருந்து வந்து, உலர்ந்து, அறுபட்டு நிற்க நான்கு திங்கள் ஆகும் என்றார். நான்கு திங்களில் மக்கள் தத்துக்கிளியை மறந்துவிட்டால் என்ன செய்வது, குகையரசியைப் போல் இதுவும் ஆகட்டுமா என்று யாம் கேட்டோம். அவர் முகம் சிவந்தது. அந்தச் சொல் அவரை எவ்விடத்தில் சுடும் என்று அறிந்தே யாம் அதைச் சொன்னோம். மறந்தால் மறக்கட்டும், விழுந்தால் எழமாட்டார்களே என்று அவர் மெல்லச் சொன்னார். யாம் கேளாதது போல் அடுத்த வழக்கை அழைத்தோம்.

அந்நாற்பது நாளும் அவர் வீட்டுக்குச் செல்லவில்லை. பழைய உத்தரங்களுக்கு இருபுறமும் பலகை சேர்த்து இரும்புப் பட்டையால் இறுக்கினார். மேட்டை உயர்த்தினார். மணல் மூட்டைகளை ஆள்கணக்கில் கட்டி இருக்கைதோறும் அமர்த்தி வண்டியை நாளுக்கு முப்பது முறை ஓடவிட்டார். முதல் வாரத்தில் ஒரு வண்டி தாவும்போது தடத்தைவிட்டு இரண்டு விரல் மேலெழுந்தது; தடத்துக்கு அடியில் பற்றிக்கொள்ளும் கொக்கி ஒன்றைச் சக்கரத்துக்குக் கீழே பொருத்தி அதைச் சரிசெய்தார். தடைக்கோல் பிடிக்கும் மாதூரன் என்பவர், அம்மையார் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்கும்போதெல்லாம் பொற்றொடியார் கொக்கிகளை மறுபடியும் தட்டிப் பார்ப்பாராம்.

பூவிழாவுக்கு முந்திய நாள் காலை, அவர் தடத்துக்குக் கீழே நின்று மேலே வண்டி ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மரம் முனகுவது அவருக்குப் பழக்கம். முனகல் நல்லது என்பார். அன்று வண்டி தாவி விழும் இடத்து உத்தரத்திலிருந்து பாக்கு வெட்டினாற்போல் ஒரு சிறு ஒலி வந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். இரும்புப் பட்டைக்கு அருகே, மரத்தின் நார் ஓடும் திசையில், முழங்கை நீளத்துக்கு மயிரிழை போல் ஒரு விரிசல். பழைய விரிசலா புதிதா என்று அறிய அதன்மீது ஈரச் சுண்ணாம்பைப் பூசி உலரவிட்டார். பின் பாரத்தோடு மூன்று முறை வண்டியை ஓட்டச் சொன்னார். மூன்றாம் முறை ஏறிப் பார்த்தபோது சுண்ணாம்பு இரண்டாகப் பிளந்திருந்தது.

ஏணியின் உச்சியிலேயே அவர் சிறிது நேரம் அமர்ந்துவிட்டார் என்று எயினவேள் எமக்குப் பின்னர் சொன்னார். இறங்கி வந்து எயினவேளிடம், பன்னிருவரோடு ஒரு வண்டி மட்டும் என்றால் கீழே முட்டுக்கொடுத்து ஓட்டலாம். இருபதின்மர் என்றால் நாளை முழுதும் தாங்குமோ முதல் ஓட்டத்திலேயே போகுமோ எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்கு எங்கள் தொழிலில் ஓட்டாதே என்று பொருள் என்றார். எயினவேள் வெளிறிப் போனார். அவ்வார்த்தைகளை மாற்றாமல் ஓலையில் எழுதி, குதிரைவீரனிடம் கொடுத்து அரண்மனைக்கு விரட்டினார். இவ்வளவில் அவர் கடமை தவறவில்லை.

ஓலை வந்து சேர்ந்த வேளையில் யாம் என் செய்துகொண்டிருந்தோம் என்பதையும் எழுதுவிக்கிறோம். வடநாட்டுத் தூதருடன் திரையிட்ட அறையில் இருந்தோம். ஆறாம் மதிலைக் கடந்து ஏழாவதன் அடியில் எம் கிளி நின்றது. ஓர் உயிரே மீதி. வலக்கை கோலில் இருக்க, இடக்கையால் ஓலையை வாங்கி, சுவரில் விழுந்த ஒளியிலேயே படித்தோம். படித்தோம் என்பதைவிடக் கண்ணோட்டினோம் என்பதே உண்மை. முரசறைந்தாயிற்று, அறைந்தபடியே மூன்று வண்டியும் ஓடுக என்று சொல்லி அனுப்பிவிட்டு மீண்டும் கோலைப் பற்றினோம். அம்முறையும் ஏழாம் மதிலில் எம் கிளி விழுந்தது. தூதர் நகைத்தார், யாமும் நகைத்தோம்.

மறுநாள் காலை கதிரவன் எழும் முன்னரே சோலையைச் சுற்றி முப்பதாயிரம் பேர் கூடியிருந்தனர். நானூறு பேருக்கான வாயில் அது. தோளில் குழந்தைகள், தலையில் பச்சை ஓலையால் முடைந்த கிளிக்கொம்புகள். உள்ளே நுழைந்தவர் திரும்ப வழியில்லை; வெளியே நின்றவர் நிற்க இடமில்லை. வேலியோரத்தில் நெரிபட்ட முதியவர் ஒருவரைத் தலைக்குமேல் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொணர்ந்தனர். யாம் யானைமீது வந்து இறங்கியபோது எழுந்த ஆரவாரத்தில் குன்றே அசைந்தது போலிருந்தது. எமக்கு அது இனித்தது.

குன்றின் உச்சியில் பொற்றொடியார் முதல் வண்டியின் முன் நின்றிருந்தார். இருபதின்மர் வரிசையில் காத்திருந்தனர். அவர் வணங்கி, பெருமானே, இன்று இதில் ஆள் ஏறும் முன் மணல் மூட்டைகளோடு ஒருமுறை ஓடவேண்டும் என்றார். நாற்பது நாளாக மணல் மூட்டைகள்தாமே இன்பம் துய்த்தன, இன்றுமா என்று யாம் உரக்கக் கேட்டோம். அருகிலிருந்தோர் சிரித்தனர். ஆம், இன்றும் அவையே என்றார் அவர். சிரிப்பு அடங்கியது. எம்முடன் வந்திருந்த வடநாட்டுத் தூதர் எம் முகத்தைப் பார்த்தார். எமக்குச் சினம் தலைக்கேறியது. ஓட்டித் தொலைக, விரைவில் முடிக்க என்றோம்.

மறுத்து ஒதுங்கியிருக்கலாமே என்று பின்னொரு நாள் அவரிடம் கேட்டோம். ஒதுங்கினால் தாங்கள் வேறொருவரை நிறுத்தி அந்த இருபதின்மரையும் ஏற்றியிருப்பீர்கள் என்றார். அது உண்மை.

மூட்டைகள் ஏறின. மாதூரன் தடைக்கோலைப் பற்றிப் பின்னிருக்கையில் கால் வைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன் என்று சொன்னது பொற்றொடியார்க்கு நினைவு வந்ததாம். அவர் தோளைப் பிடித்து இறக்கிவிட்டு, கோலை வாங்கிக்கொண்டு தாமே ஏறி அமர்ந்தார். மாதூரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கயிற்றை விடு என்று பொற்றொடியார் அதட்டினார். தம் கணிப்புப் பிழையாகிப் போகட்டும் என்று வாழ்நாளில் முதன்முறையாக அவ்வேளையில்தான் வேண்டிக்கொண்டாராம். வண்டி நல்லபடி இறங்கி, மன்னனும் மக்களும் தம்மைக் கோழை என்று சிரிக்கும்படி ஆகட்டும் என்று.

வண்டி சரிந்தது. முதல் வளைவில் அவர் கோலை இறுக்கி வேகத்தைத் தணித்ததைக் கண்டோம். மேட்டில் ஏறியது. எழும்பியது. முப்பதாயிரம் வாய்கள் ஒருங்கே ஓவென்றன. அது வந்து விழுந்த இடத்தில் உத்தரம் ஒடிந்தது. ஒலி எம் நெஞ்சில் வந்து அறைந்தது போலிருந்தது. வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்து, நான்கு ஆள் உயரத்திலிருந்து தலைகீழாய் இறங்கிற்று. மூட்டைகள் வெடித்து மணல் புகைபோல் எழுந்து யாவற்றையும் மறைத்தது.

கடலவேளே, இனி எழுதுவதை நீர் இருமுறை படித்தல் வேண்டும். மணல் எழுந்தபோது கூட்டத்திலிருந்த குழந்தைகள் கைதட்டினர். அஞ்சி அல்ல, மகிழ்ந்து. ஆறு, ஆறு என்று கூவினர். இன்னும் ஆறு உயிர் இருக்கிறது என்பது அதன் பொருள். கிளி விழுந்தால் எழும் என்றே அவர்கள் அறிந்திருந்தனர், எழுவதற்காகக் காத்திருந்தனர். மணல் மெல்ல அடங்கியது. தூணின் அடியில் பொற்றொடியார் குப்புறக் கிடந்தார். ஆறு என்ற கூவல் ஓரிடத்தில் நின்றது, பின் வேறோரிடத்தில் நின்றது, கடைசியாக எங்கோ பின்வரிசையில் ஒரே ஒரு சிறு குரல் மட்டும் இரண்டு முறை கூவிவிட்டு ஓய்ந்தது. அதற்குப் பின் எழுந்த அமைதியைப் போல் ஒன்றை யாம் போர்க்களத்திலும் கேட்டதில்லை.

யாம் குன்றிலிருந்து ஓடி இறங்கினோம். முடி எங்கோ விழுந்தது. மாதூரன் எமக்கு முன்னே சென்று அவர் தலையைத் தம் மடியில் ஏந்தியிருந்தார். மூச்சு இருக்கிறது, மூச்சு இருக்கிறது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இதற்குள் முன்வரிசையினர் பின்னோக்கித் திரும்ப, குறுகிய வாயிலில் நெரிசல் மூண்டது. எயினவேள் எம்மைக் கேளாமலே யானைகளை ஏவி மூன்று இடங்களில் வேலியைப் பிடுங்கச் செய்தார். அவர் அதற்கும் எம் ஆணைக்குக் காத்திருந்தால், அன்று எத்தனை வீடுகளில் ஒப்பாரி எழுந்திருக்கும் என்று எண்ணவும் அஞ்சுகிறோம்.

பொற்றொடியாரின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்திருந்தது. மருத்துவர் அதனை எடுத்துவிட்டார். விலா எலும்புகள் மூன்று முறிந்தன. பத்தொன்பது நாள் காய்ச்சல் நின்றது. இருபதாம் நாள் யாம் சென்றபோது அவர் சுவரில் சாய்ந்து கஞ்சி பருகிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் எழ முயன்று, எழ இயலாதென்று நினைவு வந்து, மீண்டும் சாய்ந்தார். யாம் தலைகுனிந்து தரையில் அமர்ந்தோம். அவர் முதலில் கேட்டது, வேறு யாருக்கும் அடிபட்டதா என்பது. இல்லை என்றோம். அடுத்துக் கேட்டது, உத்தரம் விரிசலில் ஒடிந்ததா, ஆணி அடித்த இடத்தில் ஒடிந்ததா என்பது. எமக்குத் தெரியவில்லை. துண்டுகளை எரித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டும் என்றார்.

என்ன வேண்டுமானாலும் கேளும் என்றோம். அவர் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார். பின், எத்தனை வீட்டில் பேழை இருக்கிறது என்பதை வைத்து எத்தனை பேர் வருவார்கள் என்று தாங்கள் அறியலாம், அது எனக்கும் உதவும், வாயிலை அகலமாக வைப்பேன். ஆனால் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை மரத்திடம் கேட்கத்தான் நான் இருக்கிறேன். ஆகாது என்று நான் சொன்னால் அது ஆகாது என்றே இருக்கட்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. யாமும் கேட்கவில்லை.

அதன்பின் ஐந்து திங்கள் ஆயின. கருமருது வந்து உலர்ந்து நின்றது. மக்கள் தத்துக்கிளியை மறக்கவில்லை. மறந்துவிடுவர் என்று யாம் அஞ்சியதெல்லாம் வீண். முரசறையாமல், விழாவில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டுப் பேர் தோளோடு தோள் நுழையும் புது வாயில் திறந்தது. மூன்று வண்டி, வண்டிக்குப் பன்னிருவர், மேடு இரண்டு முழம். பேழையில் உள்ளதைப் போல் உயரமாக இல்லையே என்று ஏறும்போது முணுமுணுத்த சிறுவர், இறங்கும்போது தொண்டை கட்டும்வரை கத்தியிருந்தனர். பொற்றொடியார் ஊன்றுகோலோடு தடத்துக்குக் கீழே நின்று செவி சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டம் ஓடத் தொடங்கி இன்று இரண்டு திங்கள். நீர் கேள்வியுற்றதும் உம் மக்கள் விழைவதும் இதுவே.

இனி எம் ஆணை.

பதினெட்டு ஊர்களிலும் அறைந்த முரசை இவ்வோலை கண்ட மறுநாளே திரும்ப அறைந்து, கடல்விழா அன்று திறப்பில்லை என்று அறிவிக்க. அதனால் உமக்கு வரும் நாணத்தை எம்மோடு பகிர்ந்துகொள்க. எம்மிடம் அது நிறைய உளது. வரும் வளர்பிறையில் பெருந்தச்சர் பொற்றொடியார் கூண்டுவண்டியில் ஞாழற்பட்டினம் வருவார். அவர்க்குத் தரைத்தளத்தில் மனை ஒதுக்குக. உம் கடற்காற்றில் எந்த மரம் நிற்கும், எத்தனை வண்டி, எத்தனை இருக்கை, வாயில் எவ்வளவு அகலம், எந்நாள் திறப்பு என்பவை அனைத்தும் அவர் சொல்வதே. நீர் மறுத்துச் சொன்னாலும் அவர் சொல்லே நிற்கும். நாளை எம்மிடமிருந்தே விரைந்து திறக்குமாறு ஓலை வருமாயின், அதில் எம் முத்திரையே இருப்பினும், அதனை அடுப்பிலிட்டு அவர் சொன்னபடி செய்க. மிளையன் இப்போது மூன்றாம் பேழையைச் செய்கிறார். அதில் முக்குளிப்பான் என்றொரு பறவை வருகிறதாம். அதற்குரிய ஓட்டம் அவசரமின்றிக் கட்டப்படும் பொருட்டு, அது கடைக்கு வருமுன் ஓராண்டு பொற்றொடியாரின் பணிமனையில் இருத்தல் வேண்டும் என்று மிளையனுக்கும் ஆணை சென்றுள்ளது.

இன்னும் ஒன்று. ஞாழற்பட்டினத்தில் தடம் முடிந்ததும் முதலில் வண்டி மணல் மூட்டைகளோடு ஓடும். அவ்வோட்டத்துக்குத் தடைக்கோல் பிடிக்க ஆள் தேடாதீர், அவ்விருக்கை எமக்குரியது. பொற்றொடியாரிடம் முறைப்படி கேட்டு, ஒரு திங்கள் பழகி, அவர் ஒப்புதல் பெற்றுவிட்டோம். வண்டியில் ஒரு மூட்டை குறைவாக ஏற்றுமாறும் அவரிடம் சொல்லியிருக்கிறோம். எம் பக்கத்தில், அம்மூட்டைக்குரிய இருக்கையில், நீர் அமர்வீர்.

செருந்திப் பூ பொறித்த செவ்வரக்கு முத்திரை எம் கையால் இட்டோம். எழுதியவர் ஓலைநாயகம் ஓவியாதன். அவர் எழுதியதில் ஓர் எழுத்தும் குறைக்கப்படவில்லை. கொணர்பவர் மாதூரன், அவர்க்கு உண்டியும் உறையுளும் தந்து, அவர் கண்டதை அவர் வாயாலும் கேட்பீராக. திருமுகம் முற்றிற்று; ஆணை தொடங்கிற்று.